பத்துக்கு ஒன்று குறைவு

கதிர்காமம் என்று ஊர்ப் பெயரைச் சொன்ன மாத்திரத்தில், "ஓகோ! இலங்கையிலிருந்தா வருகிறீர்கள்?" என்று கைகூப்பிக் கேட்கிறவர்கள் உண்டு. "இல்லை ஐயா, புதுச்சேரிக் கதிர்காமம்" என்றதும் கூப்பிய கை மெள்ள இறங்கி விடும். நம் ஊருக்கும் முருகன் உண்டு. மருத்துவக் கல்லூரி உண்டு. மழை பெய்தால் தெருவிலே தண்ணீரும் உண்டு. ஆனாலும் நம் கதிர்காமத்தைத் தேடி யாரும் காவடி எடுத்து வருவதில்லை. அதனால் நமக்கு ஒன்றும் குறைவில்லை. இங்கே இருந்து கொண்டு இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சரித்திரம் கற்பித்து வருகிறோம்.

சென்ற ஆனி மாதத்தில் ஒரு நாள். ஒன்பதாம் வகுப்பில் மணியாச்சிச் சம்பவத்தைச் சொல்லிக் கொண்டிருந்தோம். 1911-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் தேதி காலை. மணியாச்சி ரயில் சந்திப்பு. முதல் வகுப்பு வண்டியில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் துரையும் அவர் மனைவியும் கோடைக்கானலுக்குப் பிரயாணமாக உட்கார்ந்திருக்கிறார்கள். செங்கோட்டை வாஞ்சிநாதன், இருபத்தைந்து வயது வாலிபர், வண்டியில் ஏறுகிறார். அவர் கையில் பெல்ஜியம் தேசத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. ஆஷ் துரையைச் சுட்ட பிறகு, அதே துப்பாக்கியால் தம் உயிரையும் அவர் மாய்த்துக் கொள்கிறார்.

பிள்ளைகள் மூச்சுக் கூட விடாமல் கேட்டார்கள். வாத்தியார் தொழிலில் இப்பேர்ப்பட்ட நிமிஷங்கள் வருஷத்துக்கு இரண்டோ மூன்றோதான் வாய்க்கும். அதைக் கொஞ்சம் அநுபவிக்கலாம் என்று நாம் சும்மா நின்று கொண்டிருந்த சமயத்தில், கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"சார், ஒரு சந்தேகம். குண்டு போட்ட துப்பாக்கியை மறைத்து வைத்துக் கொண்டுதானே அவர் ரயிலடிக்குப் போயிருப்பார்? வழியிலே அது தானாக வெடித்து அவர் தொடையிலேயே பாய்ந்திருந்தால்?"

வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. நமக்கு வந்தது கோபந்தான். எவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்கிறோம், இந்தப் பையன் தொடையைப் பற்றிக் கேட்கிறானே! "உட்கார், அதிகப்பிரசங்கி!" என்ற சொல் நாக்கு நுனி வரையில் வந்து விட்டது. நல்ல வேளையாக அதற்குமேல் வரவில்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், இதே கதிர்காமத்தில், நம் வீட்டுக் கிணற்றடியில் கேட்ட ஒரு வெடிச் சத்தம் அந்த நிமிஷத்தில் நம் காதில் மறுபடியும் கேட்டது.

"சிரிக்காதீர்கள். இது நல்ல கேள்வி. தம்பி, நாளைக்கு இதற்குப் பதில் பார்ப்போம்" என்று சொல்லி, மணி அடிக்கு முன்பே புத்தகத்தை மூடினோம்.

*

அன்று இரவு புத்தகங்களைப் புரட்டிக் கொண்டு உட்கார்ந்தோம். யோசித்துப் பார்த்தால், அந்தக் கேள்வியைக் கேட்பதற்குப் புதுச்சேரிப் பையனுக்கு இருக்கும் உரிமை வேறு யாருக்கும் இல்லை. வாஞ்சிநாதன் துப்பாக்கி சுடப் பழகியது இந்தப் புதுச்சேரியில்தான், பழக்கியவர் வ.வே.சு. ஐயர். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் இந்தியாவில் 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் அமுலில் இருந்தது. லைசென்ஸ் இல்லாத இந்தியன் ஒரு பழைய நாட்டுத் துப்பாக்கியைத் தொட்டாலும் குற்றம். அந்தச் சட்டத்தின் கை பிரெஞ்சு எல்லையோடு நின்று போயிற்று. 1908-இல் பாரதியார் இங்கே வந்தார். 1910 ஏப்ரலில் அரவிந்தர் வந்தார். அதே வருஷத்தில் லண்டனிலிருந்து தப்பி ஐயரும் வந்து சேர்ந்தார். கவிதையும் யோகமும் துப்பாக்கியும் சில தெருக்களுக்குள்ளேயே அக்கம் பக்கமாகக் குடியிருந்த காலம் அது.

இனி அந்தத் துப்பாக்கிக்குப் பெயர் கொடுத்தவரைப் பார்ப்போம். ஜான் மோஸஸ் பிரௌனிங் என்பவர் அமெரிக்காவில் யூட்டா பிரதேசத்தில் 1855-இல் பிறந்தவர். தகப்பனாருக்குத் துப்பாக்கி செய்யும் தொழில். பிள்ளை வகுத்த கைத்துப்பாக்கிகளைப் பெல்ஜியத்தில் ஹெர்ஸ்டால் என்னும் ஊரிலுள்ள தொழிற்சாலை செய்து உலகெங்கும் விற்றது. மணியாச்சிக்குச் சரியாக எண்பது நாள் முன்னால், 1911 மார்ச் 29-ஆம் தேதி, பிரௌனிங் வகுத்த இன்னொரு கைத்துப்பாக்கியை அமெரிக்க ராணுவம் தன் ஆயுதமாக ஏற்றுக் கொண்டது. மூன்று வருஷம் கழித்து ஸராஜிவோ நகரத்தில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டதும் பிரௌனிங் வகுத்த பெல்ஜியத் துப்பாக்கியே. அதிலிருந்து மகாயுத்தம் மூண்டது. இவ்வளவுக்கும் காரணமான மனிதர் யுத்தகளத்தில் சாகவில்லை. 1926-இல் பெல்ஜியத்துத் தொழிற்சாலையில் வேலையில் இருக்கும்போதே மாரடைப்பால் இறந்து போனார். அவர் அரைகுறையாக விட்டுப் போன கடைசித் துப்பாக்கியைச் சகாக்கள் முடித்து 1935-இல் வெளியிட்டார்கள். அதன் வழி வந்த 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியைத்தான் வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலை நம் சிப்பாய்களுக்கும் போலீஸ்காரர்களுக்கும் செய்து கொடுத்தது. அதனுடன் நமக்கு நேர்ந்த அறிமுகத்தைப் பின்னால் சொல்கிறோம்.

*

கைத்துப்பாக்கியின் உள்ளே நடப்பது என்ன? தோட்டாவின் பின்பக்கத்தில் ஒரு சிறு மருந்துப் பொட்டு இருக்கிறது. அதை ஓர் ஊசி ஓங்கிக் குத்த வேண்டும். ஊசியின் தலையில் அடிப்பதற்கு ஒரு சிறு சுத்தியல். இந்தச் சுத்தியலுக்குத் தமிழர்கள் வைத்த பெயர் 'குதிரை'. விரலால் இழுக்கிற கொக்கி 'விசை'.

சில துப்பாக்கிகளில் விசையை இழுத்தால் குதிரை பின்னால் போவதும், பிறகு பாய்வதும் ஆகிய இரண்டு வேலைகளும் நடக்கும். அதற்கு விரலில் நல்ல பலம் வேண்டும். நாம் சொல்கிற ரகம் அப்படியல்ல. ஆங்கிலத்தில் 'ஸிங்கிள் ஆக்‌ஷன்' என்பார்கள். ஒற்றை வேலை என்று அர்த்தம். குதிரையை முன்கூட்டியே பின்னால் இழுத்து நிறுத்தி விட வேண்டும். விசையின் ஒரே வேலை, நிற்கிற குதிரையை அவிழ்த்து விடுவது. அதற்கு அதிக பலம் வேண்டியதில்லை.

நம் வீட்டு எலிப்பொறிதான் இதற்குச் சரியான உவமானம். கம்பியை வளைத்துக் கொக்கியில் மாட்டிய பொறியைக் கையில் எடுத்துக் கொண்டு ஸ்டோர் ரூம் வரைக்கும் நடந்து பார்த்தவர்களுக்கு, குண்டு போட்டுக் குதிரை ஏற்றிய கைத்துப்பாக்கியைத் தூக்கிச் செல்வது என்ன அநுபவம் என்பது தெரிந்திருக்கும்.

அப்படியானால் இதை எப்படிப் பத்திரமாக எடுத்துச் செல்வது? ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கத் துப்பாக்கி ஆசிரியர் இதற்கு எண் போட்டு நிலைகள் வகுத்து வைத்தார். எண்களை விட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறோம்.

ஒரு நிலை: தோட்டாக் கூடு பிடிக்குள்ளே இருக்கிறது, ஆனால் குழலின் அடியிலுள்ள அறை காலி. மேல் தகட்டைப் பின்னுக்கு இழுத்து விட்டால்தான் ஒரு தோட்டா அறைக்குள் ஏறும். அதுவரையில் கீழே விழுந்தாலும், குழந்தை விசையை இழுத்தாலும் வெடிக்காது. ஆபத்து வேளையில் இரண்டு கையும் ஒரு விநாடியும் வேண்டும் என்பதுதான் இதன் குறை.

இரண்டாவது நிலை: அறையில் தோட்டா, குதிரை கீழே இறங்கியிருக்கிறது. பார்ப்பதற்குச் சாதுவாகத் தோன்றும். பழைய ஒற்றை வேலைத் துப்பாக்கிகளில் எல்லாவற்றிலும் மோசம் இதுதான். ஏனென்றால், நிறைந்த அறையின்மேல் குதிரையை இறக்குவதற்கு விசையை இழுத்துக் கொண்டே கட்டை விரலால் குதிரையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். வியர்வையில் விரல் வழுக்கினால் தீர்ந்தது. 1873-ஆம் வருஷத்துக் கோல்ட் ரிவால்வரை இடுப்பில் கட்டியவர்களில் விவேகிகள், ஆறு அறையில் ஐந்தை மட்டும் நிரப்பிக் காலி அறையின்மேல் குதிரையை இறக்கி வைத்தார்கள். குதிரையின்மேல் அடி பட்டால் கூட அந்த ரிவால்வர் வெடித்து விடும். அந்தக் குறையைப் போக்கும் தடுப்புக் கம்பியை ரூகர் என்னும் கம்பெனி தன் ஒற்றை வேலை ரிவால்வர்களில் 1973-இல் அமைத்தது. சரியாக நூறு வருஷம்!

மூன்றாவது நிலை: அறையில் தோட்டா, குதிரை ஏறி நிற்கிறது, ஸேப்டி என்னும் சிறு தாழ் போட்டிருக்கிறது. பார்த்தால் வயிற்றைக் கலக்கும். ஆனால் பிரௌனிங்கின் 1911 துப்பாக்கி இந்த நிலையைத் தாங்கும்படி செய்யப்பட்டது. அமெரிக்கக் குதிரைப் படையினர் கேட்டதன் பேரில் அந்தக் கட்டை விரல் தாழ் சேர்க்கப்பட்டது. துள்ளுகிற குதிரையின்மேல் ஒரு கையில் கடிவாளம் பிடித்திருக்கிறவனால் துப்பாக்கிக் குதிரையைப் பக்குவமாக இறக்க முடியுமா? ஒரு குதிரையை அடக்கவே அவனுக்குக் கை போதாது! பிடியின் பின்பக்கத்தில் உள்ளங்கை அழுத்தினாலன்றி விசை நகராதபடி இன்னொரு காவலும் அதில் உண்டு. இருந்தும், சண்டை நெருங்காத சமயத்தில் அறையைக் காலியாக வைத்திருப்பதே ராணுவத்தின் வழக்கமாக இருந்தது.

நான்காவது நிலை: குதிரை ஏறியிருக்கிறது, தாழ் போடவில்லை. அது சுடுகிற நிலை. சுமக்கிற நிலை அல்ல. இந்த நிலையில் துப்பாக்கியை இடுப்பில் செருகுகிறவர் எலிப்பொறியைச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டவர்.

எந்த நிலையானாலும் உறை முக்கியம். விசையை முழுவதும் மூடுகிற உறுதியான உறையாக அது இருக்க வேண்டும். துப்பாக்கி 'தானாக' வெடித்தது என்று செய்தி வரும்போதெல்லாம், விசாரித்தால் பெரும்பாலும் ஒரு விரலோ, சட்டை நுனியோ, பையிலிருந்த சாவியோ விசையில் பட்டிருக்கும். வேட்டி மடிப்பும் கால்சட்டைப் பையும் துப்பாக்கிக்கு இடமல்ல. வாய்ப்புறம் கீழே படும்படி விழுந்தால் ஊசி தன் வேகத்திலேயே முன்னேறித் தோட்டாவைக் குத்துவதும் பழைய துப்பாக்கிகளில் உண்டு. அதைத் தடுக்கும் உள் தாழைக் கோல்ட் கம்பெனி தன் 1911 வகைத் துப்பாக்கிகளில் 1983 முதல் அமைத்தது.

இவ்வளவையும் படித்து முடித்தபோது மணி பதினொன்று. பையனுக்குச் சொல்லப் பதில் தயார். ஆனால் புத்தகத்தில் இல்லாத ஒன்று பாக்கி இருந்தது.

*

நமக்கு அப்போது பத்து வயது. தாய்மாமன் காவல் துறையில் அதிகாரி. எந்தப் பிரிவு, எந்த ஊர் என்பதெல்லாம் நேயர்களுக்கு வேண்டியதில்லை. எங்கேயோ கலவரம் என்று மூன்று நாள் பந்தோபஸ்துக்குப் போய் விட்டுத் திரும்புகிற வழியில், அக்கா கையால் ஒரு வாய் சாப்பிட்டுப் போகலாம் என்று நம் வீட்டுக்கு வந்தார். இடுப்பில் உறை, உறைக்குள் மேலே சொன்ன இஷாப்பூர் துப்பாக்கி.

மாமா அஜாக்கிரதைக்காரர் அல்ல. சொல்லப் போனால் அவரைப் போன்ற ஒழுங்குக்காரரைப் பார்ப்பது அரிது. நடு வீட்டில் துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்கவே மாட்டார். கொல்லைப் புறம் போய், கிணற்றடிக்கு அப்பால் தென்னை மரத்தடி மண்ணைப் பார்த்து நின்று கொண்டுதான் காலி செய்வார். நம்மைத் தமக்குப் பின்னால் நிறுத்திக் கொள்வார். "மாப்பிள்ளை, இதனுடைய வாய் எந்தக் காலத்திலும் மனிதனைப் பார்க்கக் கூடாது. காலி என்று கடவுளே வந்து சொன்னாலும் பார்க்கக் கூடாது" என்பார். சாதாரண நாளில் அறையைக் காலியாக வைத்திருப்பதுதான் அவர் வழக்கம். அந்த மூன்று நாளும் நிலைமை மோசமாக இருந்தபடியால், அறையில் ஒன்றை ஏற்றித் தாழ் போட்டு வைத்திருந்தார்.

"எத்தனை குண்டு மாமா?" என்று கேட்டோம்.

"பத்து" என்றார்.

"ஒரே தடவையில் பத்தும் வெடிக்குமா மாமா?"

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "பெரியவர்கள் வேலையாய் இருக்கிறபோது குறுக்கே பேசாதே என்று எத்தனை தடவை சொல்வது? தம்பி, நீ சீக்கிரம் வா, சாதம் ஆறிப் போகிறது!"

வாயை மூடிக் கொண்டோம்.

காலி செய்வதற்கு ஒரு கிரமம் உண்டு. முதலில் பிடியிலிருந்து கூட்டைக் கழற்ற வேண்டும். அதன் பிறகே மேல் தகட்டை இழுத்து அறையிலுள்ள தோட்டாவை வெளியேற்ற வேண்டும். பிறகு அறைக்குள் கண்ணால் பார்க்க வேண்டும். இருட்டானால் சுண்டு விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். மாமா இதை ஆயிரம் தடவை செய்தவர். அன்றைக்கு மூன்று நாள் தூக்கமில்லை. 'அறையில் ஒன்று இருக்கிறதே, முதலில் அதை எடுத்து விடுவோம்' என்று எண்ணினார். கூட்டைக் கழற்றுவதற்கு முன்பே தகட்டை இழுத்தார். உள்ளே இருந்த தோட்டா துள்ளி வந்து மண்ணில் விழுந்தது. தகடு முன்னே திரும்பியபோது கூட்டிலிருந்து அடுத்த தோட்டாவை அழகாக எடுத்து அறைக்குள் வைத்து விட்டது. அதற்குத் தெரிந்த வேலை அதுதானே!

பிறகு கூட்டைக் கழற்றினார். அதிலிருந்த தோட்டாக்களைக் கட்டை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளித் துவைக்கிற கல்லின்மேல் போட்டார். மண்ணில் விழுந்ததையும் எடுத்துச் சேர்த்தார். அவற்றை நாம் கல்லின்மேல் சிப்பாய்களைப் போல் வரிசையாக நிறுத்தினோம். எண்ணினோம். ஒன்பது. மறுபடியும் எண்ணினோம். ஒன்பது.

ஒன்று குறைகிறது என்பது நமக்குத் தெரிந்து விட்டது. நாலாம் வகுப்புக் கணக்குதான். 'மாமா' என்று கூப்பிட வாயைத் திறந்தோம். சமையலறை வாசலில் அம்மா நின்று கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தோம். திறந்த வாயை மூடி விட்டோம்.

அந்தத் துப்பாக்கியில் கூடு இல்லாவிட்டால் விசை வேலை செய்யாது. அதுவும் ஒரு காவலாகச் செய்து வைத்ததுதான். ஆகையால், ஏறி நிற்கிற குதிரையை இறக்க வேண்டுமானால் காலிக் கூட்டைத் திரும்பவும் மாட்டிய பிறகே விசையை இழுக்க வேண்டும். மாமா காலிக் கூட்டை மாட்டினார். தென்னையடி மண்ணைப் பார்த்துப் பிடித்தார். தாழை நீக்கினார். விசையை இழுத்தார்.

தீபாவளி வெடி கேட்ட காதுக்கு அது ஒரு சத்தமா என்று நினைப்பவர்கள் நினைக்கலாம். அந்தச் சத்தம் வேறு ஜாதி. மண் முகத்தில் தெறித்தது. மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் ஒரே சமயத்தில் எழும்பின. அதற்கப்புறம் ஊரே செவிடாகி விட்டாற்போல் ஒரு மௌனம். அம்மாவின் கையிலிருந்த செம்பு உருண்டு வந்து கிணற்றடிச் சுவரில் மோதி நின்றது. செம்பு உருண்டதைக் கண்ணால்தான் பார்த்தோம்; காதில் ஒன்றும் விழவில்லை.

ஒருவருக்கும் காயமில்லை. துப்பாக்கியில் இருந்த காவல்கள் அத்தனையும் அந்த நிமிஷத்தில் பயன்படவில்லை. தாழை மாமாவே நீக்கினார். கூட்டுக் காவலை அவரே தீர்த்து வைத்தார். காப்பாற்றியது ஒன்றே ஒன்று. 'காலி' என்று நிச்சயமாக நம்பியபோதும் அதன் வாயை மண்ணைப் பார்த்துப் பிடித்தாரே, அந்தப் பழக்கம்.

மாமா துப்பாக்கியைத் திரும்பவும் காலி செய்தார். இந்தத் தடவை கிரமப்படி. பிறகு துவைக்கிற கல்லண்டை வந்து உட்கார்ந்தார். அவர் கை நடுங்குவதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தோம். வரிசையாக நின்ற தோட்டாக்களை வெகு நேரம் பார்த்துக் கொண்டிருந்தார்.

"நீயா அடுக்கினாய்?"

"ஆமாம் மாமா."

"எண்ணினாயா?"

"ஒன்பது மாமா. இரண்டு தடவை எண்ணினேன்."

"முன்னாலேயே எண்ணினாயா?"

தலையை ஆட்டினோம்.

"ஏன்டா சொல்லவில்லை?"

"குறுக்கே பேசக் கூடாது என்று அம்மா..."

மாமா நம்மைக் கோபித்துக் கொள்ளவில்லை. அம்மாவையும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தப்பு உன்னுடையதல்ல, மாப்பிள்ளை. எண்ண வேண்டியவன் நான்" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. செலவான தோட்டாவுக்குக் கணக்கு வேண்டுமல்லவா? நடந்ததை நடந்தபடி மேலதிகாரிக்குத் தாமே எழுதிக் கொடுத்தார். அதற்கு உண்டான தண்டனையையும் வாங்கிக் கொண்டார்.

அடுத்த தடவை அவர் வந்தபோது என்ன செய்தார் தெரியுமா? கொல்லைக்குப் போய், நம்மைப் பின்னால் நிறுத்தி, கிரமப்படி காலி செய்தார். தோட்டாக்களைக் கல்லின்மேல் போட்டார். பிறகு திரும்பிப் பார்த்து, "வா, எண்ணிச் சொல்" என்றார். "பத்து மாமா" என்று நாம் சொன்ன பிறகே அவர் கை விசைக்குப் போயிற்று. அது முதல் ஓய்வு பெறும் வரையில், நம் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு தடவையும் இந்தச் சடங்கு தவறவில்லை. பரேட் மைதானத்தில் நூறு பேரை அதட்டி நிறுத்துகிற மனிதர், ஒரு சிறுவனின் வாயிலிருந்து 'பத்து' என்ற சொல் வருவதற்காகக் கைகட்டிக் காத்திருந்தார். அம்மாவும் அதற்கப்புறம் கிணற்றடியில் நம்மைப் பேசாதே என்று சொன்னதில்லை.

*

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு ஓர் எலிப்பொறியை எடுத்துக் கொண்டு போனோம். சரித்திர வகுப்பில் எலிப்பொறியைக் கண்டதும் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். கம்பியை வளைத்துக் கொக்கியில் மாட்டி, "இதுதான் குதிரை ஏறிய துப்பாக்கி" என்றோம். ஒரு பென்சிலால் தொட்டுக் காட்டினோம். படாரென்று அடித்துப் பென்சில் இரண்டாயிற்று. மறுபடியும் மாட்டி, கொக்கியின் குறுக்கே ஒரு குச்சியைச் செருகி, "இது தாழ்" என்றோம். சாக்பீஸ் டப்பாவுக்குள் வைத்து மூடி, "இது உறை" என்றோம். பொறியை மாட்டாமலே வைத்து, "இது காலி அறை. இப்போது யார் வேண்டுமானாலும் தூக்கிக் கொண்டு போகலாம்" என்றோம்.

கேள்வி கேட்ட பையன் எழுந்தான். "அப்படியானால் எது சார் ரொம்பப் பத்திரம்?"

"பழகாதவனுக்கு எதுவும் பத்திரமில்லை. பழகினவனுக்குக் காலி அறை பத்திரம். அதைவிடப் பத்திரம், பக்கத்திலிருக்கிறவன் 'காலிதானா?' என்று கேட்டால் கோபித்துக் கொள்ளாமல் இன்னொரு தடவை திறந்து காட்டுவது" என்றோம்.

பிறகு பாடத்துக்குத் திரும்பினோம். வாஞ்சிநாதனுக்குச் சுடக் கற்றுக் கொடுத்த ஐயர் பிற்காலத்தில் என்ன ஆனார் என்பதையும் சொன்னோம். துப்பாக்கி பழக்கிய அதே மனிதர் பின்னால் காந்தியடிகளின் வழிக்குத் திரும்பி, சேரன்மாதேவியில் குருகுலம் நடத்திப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். 1925-இல் பாபநாசம் அருவியில் தம் மகளைக் காப்பாற்றப் போய்த் தாமும் உயிர் விட்டார். 1948 ஜனவரி 30-ஆம் தேதி டில்லியில் காந்தியடிகளின் மார்பைத் துளைத்ததும் ஓர் ஒற்றை வேலைக் கைத்துப்பாக்கியே, இத்தாலி தேசத்தில் செய்தது. யார் கையில் இருக்கிறோம், எதற்காக இருக்கிறோம் என்று அந்த இரும்பு கேட்பதில்லை. அதற்குத் தெரிந்தது ஒரே வேலை. கேட்க வேண்டியவர்கள் மனிதர்கள்தான்.

நம் நேயர்களில் துப்பாக்கி வைத்திருப்பவர் நூற்றுக்கு ஒருவர் கூட இருக்க மாட்டார்கள், அது நல்லதே. கல்யாண ஊர்வலத்தில் சந்தோஷத்துக்காக வானத்தைப் பார்த்துச் சுடுகிற வழக்கம் வடக்கே சில இடங்களில் உண்டு. அப்படி அஜாக்கிரதையாகச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டு வருஷம் வரையில் சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரையில் அபராதம் என்று 2019-இல் சட்டமே திருத்த வேண்டியதாயிற்று. நம் வீடுகளில் அந்த அபாயம் இல்லை. ஆனால் பெரியவர் ஒருவர் அவசரத்தில் தப்புச் செய்கிறபோது, பக்கத்தில் நிற்கிற சிறுவன் சரியாக எண்ணி விட்டு வாயை மூடிக் கொண்டு நிற்பது எல்லா வீடுகளிலும் நடக்கக் கூடியதே. அடுப்பு, மின்சாரம், மருந்துப் புட்டி, வண்டி என்று குண்டு போட்ட பொருள்கள் நம் வீடுகளிலும் எத்தனையோ இருக்கின்றன.

மாமாவுக்கு இப்போது எண்பது வயது. துப்பாக்கியை அரசாங்கத்திடம் ஒப்படைத்து வருஷக்கணக்காகி விட்டது. சென்ற ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனபோது, டாக்டர் கொடுத்த மாத்திரைகளை மேஜையின்மேல் கொட்டி அடுக்கிக் கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி விட்டு, நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

"வா, மாப்பிள்ளை. எண்ணிச் சொல்" என்றார்.